கெடாத ருசி – 9: சர்க்கரையைக் குறைத்தால் அது ஜாம் அல்ல

சென்ற வாரம் உப்பைப் பார்த்தோம். உப்புக் குறைந்த மாவடு கொழகொழத்துக் கெட்டுப்போகும் என்பது நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரத்தக்கொதிப்பு இருக்கிறதே என்று ஊறுகாய் ஜாடியிடம் யாரும் பேரம் பேசுவதில்லை; இலையில் வைக்கும் அளவைக் குறைத்துக்கொள்வதோடு சரி. ஜாமுக்கு மட்டும் இந்த மரியாதை கிடைப்பதில்லை. பழத்தின் எடைக்குச் சமமாகச் சர்க்கரையா என்று மலைத்து, வீட்டில் காய்ச்சுகிறவர்கள் முதலில் கைவைப்பது அதில்தான். ஜாமில் சர்க்கரையின் முதல் வேலை இனிப்பூட்டுவதே அல்ல என்பது இந்த வாரம் என் கட்சி.

ஓர் ஆங்கிலேய ஜாமை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து வேலியோர முட்புதர்களில் பிளாக்பெர்ரி கறுக்கத் தொடங்கும். காசில்லாமல் பறிக்கலாம். அதே பருவத்தில் தோட்டங்களில் பிராம்லி ஆப்பிள் முற்றும். சமையலுக்கென்றே வளர்க்கும், பல் கூசும் புளிப்பு ரகம் அது. இரண்டையும் சேர்த்துக் காய்ச்சுவது அந்நாட்டு வழக்கம். ஓசிப் பழத்தின் அளவைக் கூட்டும் சிக்கனம்போலத் தோன்றினாலும் காரணம் வேறு. பழத்தின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசைக்கு பெக்டின் என்று பெயர்; பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகொனோ 1825-ல் வைத்த பெயர். பழம் கனியக் கனிய இந்தப் பசை சிதைகிறது. நன்றாகக் கனிந்த பிளாக்பெர்ரியில் நிறமும் மணமும் உண்டு, பசை போதாது. பிராம்லியில் பசையும் புளிப்பும் தாராளம். செப்டம்பர் 29-ல் வரும் மைக்கேல்மஸ் திருநாள் கழிந்தால் சாத்தான் பிளாக்பெர்ரிமேல் துப்பிவிடுவான், பறிக்கக் கூடாது என்று அங்கே ஒரு நம்பிக்கை. சாத்தானை விட்டுவிடுவோம், அக்டோபர் ஈரத்தில் பழம் நீர்த்துப் பூஞ்சை பிடிப்பது நிஜம்.

பசையும் புளிப்பும் மட்டும் இருந்தால் கிடைப்பது பழக்கூழ்தான். பெக்டின் இழைகள் தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கியபடி மிதப்பவை. புளிப்பு அந்த விலகலைத் தணிக்கிறது. சர்க்கரை சுற்றியுள்ள தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அப்போதுதான் இழைகள் கைகோத்து வலையாகின்றன. அதே இழுப்பால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் குடிக்கத் தண்ணீர் அகப்படாமல் போகிறது. பதம் வந்துவிட்டதா என்று அறிய, குளிரவைத்த பீங்கான் தட்டில் ஜாமை ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் மெல்லத் தள்ளினால் மேலே ஆடைபோலச் சுருக்கம் விழ வேண்டும். நம் கம்பிப் பதத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. வெப்பமானி உள்ளவர்கள் 104, 105 டிகிரி செல்சியஸ் பார்ப்பார்கள். பாகில் சர்க்கரை ஏறத்தாழ 65 சதவீதத்தை எட்டிவிட்டது என்று அர்த்தம். (ஊட்டியில் தண்ணீரே ஏறத்தாழ 93 டிகிரியில் கொதித்துவிடும், அங்கே இந்தக் கணக்கை 7 டிகிரி இறக்கிக்கொள்ள வேண்டும்.)

சர்க்கரையைக் குறைக்க முடியாது என்பதற்கு இரண்டாம் உலகப் போர்க்காலம் ஒரு சாட்சி. பிரிட்டனில் 1940 ஜனவரியில் சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது. பெரும்பகுதி கடல் வழியே வர வேண்டிய சரக்கு அது. கப்பல்களோ நீர்மூழ்கிகளுக்கு இரையாகிக்கொண்டிருந்தன. அப்படியும் அந்த ஆண்டுப் பழ விளைச்சல் வீணாகாமலிருக்க, விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற கிராமப் பெண்கள் அமைப்புக்கு அரசு தனியாகச் சர்க்கரை ஒதுக்கியது. அவர்கள் சுமார் 1,600 டன் பழத்தைப் பதப்படுத்திக் கொடுத்தார்கள், பெரும்பகுதி ஜாமாக. பாதிச் சர்க்கரையில் காரியம் நடக்குமென்றால், அதை அந்த அரசு விட்டுவைத்திருக்குமா?

சர்க்கரை சேர்க்காமல் பழத்தைப் புட்டியிலும் டப்பாவிலும் அடைத்தார்களே என்று கேட்கலாம். அடைத்தார்கள், ஆனால் அங்கே காப்பது வெப்பமும் காற்றுப் புகாத மூடியும். திறந்த பிறகு சில நாளில் தீர்த்தாக வேண்டும். சர்க்கரை இல்லாமலே கால்சியத்தோடு சேர்ந்து இறுகும் ஒருவகை பெக்டின் இன்று கிடைக்கிறதே என்பது இன்னும் கூர்மையான கேள்வி. அது இறுகும், மறுக்கவில்லை. இறுகுவது வேறு, கெடாமலிருப்பது வேறு. இரண்டாவது வேலையைக் குளிர்சாதனப் பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டோம், அவ்வளவுதான். உடல்நலக் கவலை நியாயமானது. அதற்கு வழி கரண்டியைச் சிறிதாக்குவதுதான், ஊறுகாய்க்குச் செய்வதைப் போல. 2013-ல் ஜாமில் கரைந்திருக்க வேண்டிய சர்க்கரை முதலியவற்றின் சட்ட அளவை 60 சதவீதத்திலிருந்து 50-க்கு இறக்க பிரிட்டிஷ் அரசு முனைந்தபோது, விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. சிரிப்பாக இருக்கலாம், எனக்கு எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது.

பாதிச் சர்க்கரையில் ஏற்கெனவே காய்ச்சி வைத்திருக்கிறீர்களா? புட்டியின்மேல் இன்றைய தேதியை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று வாரத்துக்குள் காலி செய்துவிடுங்கள்.

(தொடரும்)