மோட்டார் குரூசரின் காப்பு உலோகம்

மோட்டார் குரூசர் என்பது உறங்கும் அறையும் சமையலிடமும் கொண்ட எந்திரப் படகு ஆகும். இங்கிலாந்தில் தேம்ஸ் போன்ற ஆறுகளிலும் கடலோரத்திலும் இவ்வகைப் படகுகள் ஓடுகின்றன.

படகின் அடியில் வெண்கலச் சுழலியும் எஃகுத் தண்டும் இணைந்து நீரில் மூழ்கியிருக்கும். வெவ்வேறு உலோகங்கள் இவ்வாறு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம் போலச் செயல்படும். அவற்றுள் ஒன்று அரிக்கப்படும். எனவே, இவற்றைவிட எளிதில் அரிபடும் உலோகக் கட்டி ஒன்றை அவற்றுடன் பொருத்துவர். அது தான் கரைந்து மற்றவற்றைக் காக்கும். 1824இல் ஹம்ப்ரி டேவி இம்முறையைக் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க முன்மொழிந்தார்.

கட்டியின் உலோகம் நீருக்கேற்ப மாறும்:

- கடல்நீர்: துத்தநாகம்
- ஆற்று நன்னீர்: மக்னீசியம்
- உவர்நீர்க் கழிமுகம்: அலுமினியக் கலப்புலோகம்

நன்னீரில் துத்தநாகத்தின்மேல் படலம் படிந்து அது செயலிழக்கும். கடல்நீரிலோ மக்னீசியம் மிக விரைவில் கரைந்துவிடும். ஆகவே ஆற்றிலிருந்து கடலோரத்துக்குப் படகை இடம் மாற்றுவோர் கட்டியையும் மாற்ற வேண்டும்.

ஆண்டுதோறும் படகைக் கரையேற்றும்போது, பாதி கரைந்த கட்டியை மாற்றுவது வழக்கம். கட்டியின்மேல் வண்ணம் பூசக்கூடாது. ஓராண்டு கழிந்தும் கட்டி புதிதுபோல் இருந்தால் மகிழ வேண்டாம், இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். அவ்வாறாயின், அதற்குப் பதிலாகச் சுழலியோ தண்டோ அரிபட்டுக்கொண்டிருக்கும்.