திண்ணை தந்த உறவுகளைத் தேடி

சாட்டி சிந்தாத்திரை மாதா திருத்தலத்தில் அதிகாலைத் திருப்பலி முடிந்ததும் ஒன்பது பேராகப் புறப்பட்டோம். கடந்த தை மாதம் அது. மூன்று நாட்களில் தென்மராட்சியின் மிருசுவில் வரை கால்நடையாகச் செல்வது எமது நோக்கம். ஒரேயொரு நிபந்தனை வைத்துக்கொண்டோம். விடுதியிலோ ஆலய மண்டபத்திலோ தங்குவதில்லை; இடம்பெயர்ந்த காலத்தில் எமக்கு இடம் தந்த உறவினர் வீடுகளிலேயே தங்குவது.

இந்த வழி எமக்குப் புதியதல்ல. 1990 ஆவணியிலும் 1991 ஐப்பசியிலும் தீவகத்தில் இராணுவ நடவடிக்கைகள் நடந்தபோது, புகையிலைத் தோட்டத்தையும் வெங்காயத் தறையையும் விட்டு யாழ் நகருக்கும் வலிகாமத்துக்கும் வந்தவர்கள் நாம். அங்கே வேரூன்ற முன்னரே 1995 ஐப்பசி 30ஆம் திகதி மீண்டும் புறப்பட்டோம். அப்போது எனக்கு வயது பதினைந்து.

முதல் நாள் வேலணையைக் கடந்து அல்லைப்பிட்டிக்கு வந்தோம். புனித பிலிப்புநேரியார் ஆலயத்தில் சிறிது நேரம் மௌனமாக நின்றோம். 2006 ஆவணி 13ஆம் திகதி அங்கே தஞ்சமடைந்திருந்த மக்கள் எறிகணைக்குப் பலியானார்கள். ஒரு வாரத்தின் பின் பங்குத்தந்தை ஜிம் பிறவுன் அடிகளார் காணாமற் போனார். பண்ணைப் பாலத்தைத் தாண்டி நகரில் ஓர் உறவினர் வீட்டில் இரவு தங்கினோம்.

இரண்டாம் நாள் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் அரைமணி நேரத்தில் கடந்துவிட்டோம். 1995இல் இதே தூரத்தைக் கடக்க ஓர் இரவு முழுவதும் சென்றது. இலட்சக்கணக்கான மக்கள், ஒரே வீதி, மழை. குழந்தைகள், முதியோர், துவிச்சக்கரவண்டியில் கட்டிய நெல்மூடை, கயிற்றில் இழுத்த ஆடு. யாரும் ஓடவில்லை. ஓட இடமிருக்கவில்லை.

அந்தச் சனம் கைதடியிலும் சாவகச்சேரியிலும் மீசாலையிலும் கொடிகாமத்திலும் எங்கே தங்கியது? பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் பலர் தங்கினர். எனினும் பெருந்தொகையானோரை ஏற்றவை உறவினர் வீட்டுத் திண்ணைகளும் மாமர நிழலில் இறக்கிய கிடுகுக் கொட்டில்களுமே. வந்தவருக்கு நிவாரண அட்டையாவது கிடைத்தது. வைத்திருந்தவரின் கிணற்றுக்கும் விறகுக்கும் எவரும் கணக்கெழுதவில்லை.

மலைநாட்டுக்குப் பயணமான மரியாள் எலிசபெத்து வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. எம்மவர் எத்தனை மாதம் என்று அறியாமலே தங்கினார்கள். ஐந்து பேர் குடித்த கிணற்றில் முப்பது பேர் அள்ளினால் மனக்கசப்பு வராதிருக்குமா?

சாட்டி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எமது மணலுக்குள் தேங்கும் மழைநீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக நிற்கிறது. அளவறிந்து அள்ளினால் நன்னீர். மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். உறவும் அப்படித்தான்.

எம்மோடு நடந்த ஒரு தாய்க்கு எழுபது வயதுக்கு மேல். மீசாலையில் மச்சாள் வீட்டுத் திண்ணையில் ஐந்து பிள்ளைகளோடு ஆறு மாதம் இருந்தவர். குளிக்கும் தண்ணீருக்காக ஏற்பட்ட வாய்த்தர்க்கத்தால், 1996 சித்திரையில் தென்மராட்சியும் இராணுவத்தின் வசமானபோது சொல்லாமலே வலிகாமத்துக்குத் திரும்பினார்.

2000ஆம் ஆண்டு வைகாசியில் சாவகச்சேரியைச் சுற்றிப் போர் மூண்டது. நகரம் இடிபாடானது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் எம்மை ஏற்ற தென்மராட்சி மக்களே வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் அகதிகளாக நடந்தார்கள். பலரை, முன்பு அவர்களின் திண்ணையில் இருந்தவர்கள் தேடிப்போய் அழைத்து வந்தார்கள். இது எமது வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம். ஆனால் எல்லோரும் அப்படிச் செய்யவில்லை.

"பாதர், மச்சாளாக்கள் ஒரு பள்ளிக்கூடத்திலை இருக்கினம் எண்டு கேள்விப்பட்டனான். ரெண்டு கட்டைதான். நான் போகேல்லை," என்று கைதடியில் அந்தத் தாய் என்னிடம் சொன்னார். அதன்பின் மீசாலை வரை அவர் வாய் திறக்கவில்லை.

படலையில் நின்ற மச்சாள் எம்மைக் கண்டதும், "வாங்கோ மச்சாள், காலைக் கழுவிப்போட்டு இருங்கோ," என்றார். தேநீர் வந்தது. இவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார். மற்றவர் வெகுநேரம் முற்றத்தையே பார்த்திருந்தார். பிறகு சொன்னார்: "நான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடப் படலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான்." அவ்வளவுதான். அன்றிரவு இருவரும் அதே திண்ணையில் பாய் விரித்துப் படுத்தார்கள். காலையில் கிணற்றடியில் ஒருவருக்கு மற்றவர் தண்ணீர் அள்ளி வார்ப்பதைக் கண்டேன்.

மூன்றாம் நாள் மிருசுவிலில் கண்டது வேறு. ஒரு தீவகக் குடும்பம் உறவினரின் காணித்துண்டில் கொட்டில் போட்டு, பின் கல்வீடும் கட்டி இன்றும் வாழ்கிறது. வாய்வார்த்தையாகக் கொடுத்த பெரியவர் இறந்துவிட்டார். இப்போது பிள்ளைகளுக்கிடையே வேலிச் சண்டை. நாங்கள் நடந்துபோனதால் அது தீர்ந்துவிடவில்லை. ஆயினும் இரு பகுதியாரும் ஒரே பாயில் அமர்ந்து உறுதியை விரித்துப் பார்த்தார்கள்.

அன்பான விவசாயக் குடும்பங்களே, மூன்று காரியங்களை உங்களிடம் வேண்டுகிறேன்.

முதலாவது, உறவினர் காணியில் இருப்பவர்கள் யாருடைய அனுமதியோடு, எந்தத் துண்டில், எப்போதிருந்து இருக்கிறீர்கள் என்பதை இரு பகுதியாரும் கையொப்பமிட்டு எழுதி வையுங்கள். இலங்கைச் சட்டத்தில் உரிமையாளருக்கு எதிராக 10 ஆண்டுகள் இடையறாது ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம். அனுமதி எழுத்தில் இருந்தால் கொடுத்தவருக்கு அந்த அச்சமில்லை. இருப்பவருக்கும் திடீரென வெளியேற்றப்படும் பயம் குறையும்.

இரண்டாவது, விட்டுவந்த வளவுக்கு ஆண்டில் ஒரு தடவையாவது போங்கள். எல்லையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்; கிணற்றைத் துப்புரவாக்குங்கள்.

மூன்றாவது, உங்களுக்குத் திண்ணை தந்தவர் இன்னும் உயிரோடிருந்தால், அவர் வீட்டுக்குப் போய் நன்றி சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் அதையும் கேளுங்கள். அந்தத் தலைமுறை வேகமாக மறைந்து வருகிறது.

நடந்து போக முடியாவிட்டால் பேருந்தில் போங்கள். ஆனால் போங்கள்.