உங்களுக்குத் தெரியுமா? உள்ளங்கை ரொபோவை எடைபோடும் கலை

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த பார்சலில், மடித்தால் கார், விரித்தால் ரொபோ என்று உருமாறும் குட்டிச் சாமான் ஒன்று கிடக்கிறதா? சேகரிப்பாளர் முதலில் அதன் அடிப்பக்கத்தைத்தான் புரட்டுவார். அங்கே பொறித்திருக்கும் ஆண்டு, அது செய்யப்பட்ட ஆண்டல்ல. வடிவத்துக்கு உரிமை பெற்ற ஆண்டு. அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ 1984இல் ‘ட்ரான்ஸ்ஃபோமர்ஸ்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியவற்றில் பெரும்பாலானவை, ஜப்பானின் தகாரா நிறுவனம் ‘டயக்குளோன்’, ‘மைக்ரோமேன்’ வரிசைகளில் ஏலவே விற்றுக்கொண்டிருந்தவை. அதனால் 1984இல் வாங்கிய பொம்மையிலும் அதற்கு முந்திய ஆண்டு இருக்கலாம்.

*

அந்த முதல் ஆண்டுக் குட்டிகளில் பம்பிள்பீ மஞ்சள் நிற வொக்ஸ்வாகன் பீட்டில், கிளிஃப்ஜம்பர் சிவப்புப் போர்ஷ. ஆனால் சிவப்புப் பம்பிள்பீயும் மஞ்சள் கிளிஃப்ஜம்பரும்கூடக் கடைக்கு வந்தன. வேடிக்கை அதோடு முடியவில்லை. கிளிஃப்ஜம்பர் என்று அச்சடித்த அட்டையில், அவனும் இல்லாமல் பம்பிள்பீயும் இல்லாமல் மூன்றாவது ஒருவன், மஸ்டா ஃபமிலியா கார், ஏறி வந்துவிட்டான். அட்டையில் அவனுக்குப் பெயரே கிடையாது. இரசிகர்கள் இரண்டு பெயரையும் வெட்டி ஒட்டி ‘பம்பிள்ஜம்பர்’ என்று கூப்பிட்டார்கள். ‘பம்பர்’ என்ற சொந்தப் பெயர் பல வருடம் கழித்தே கிடைத்தது. பழைய மஞ்சள் குட்டி கையில் அகப்பட்டால் முதுகைப் பாருங்கள். பீட்டிலுக்குக் கூன் முதுகு, மஸ்டாவுக்குச் சதுர முதுகு. விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

*

போலிகள் பெருகியதால் 1985இல் ஒரு சதுர ஸ்டிக்கர் வந்தது. விரலால் தேய்த்துச் சூடேற்றினால் நல்லவனா கெட்டவனா என்ற சின்னம் தெரியும். அசல் என்பதற்கு அன்று அதுவே சாட்சி. முல்லைத்தீவுக் கரையிலுள்ள நாயாற்றின் சித்திரை வெயிலில் விரல் தேவைப்பட்டிருக்குமா என்பது வேறு கேள்வி.

*

பெட்டியைப் பார்த்து மயங்காமல் மூட்டைப் பார்க்க வேண்டும். ரொபோவாக நிறுத்தினால் சாயாமல் நிற்கிறதா? காராக மடித்தால் நான்கு சில்லும் ஒன்றாக நிலத்தைத் தொடுகின்றனவா? கதவும் கூரையும் இடைவெளியில்லாமல் பொருந்துகின்றனவா? மூட்டு ஊசியைச் சுற்றி வெள்ளைக் கீறல் தெரிந்தால் பிளாஸ்டிக் களைத்துவிட்டது என்று பொருள். இன்னும் சில தடவை திருப்பினால் வெடிக்கும். சிறியவற்றில் முதலில் முறிவது மெல்லிய கொழுவிகள்தான். 2021இல் வந்த ‘கோர்’ வகை ட்ரான்ஸ்ஃபோமர் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் உயரம்தான், ஆனாலும் அதே தேர்வு அதற்கும் உண்டு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கடைவீதிகளில் வாங்கும் மலிவு ரொபோக்களையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். எல்லாமே தோற்காது. விலையை வைத்து மட்டும் பொம்மையை ஒதுக்குகிறவரை நான் நல்ல சேகரிப்பாளர் என்று சொல்லமாட்டேன்.

*

ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். நாயாற்றில் பொம்மைக்கு எதிரி பிள்ளைகள் அல்ல, உப்புக்காற்று. மூட்டுக்குள் இருக்கும் உருக்கு ஊசியும் ஸ்குரூவும் மெல்லத் துருப்பிடிக்கும். துவாரத்திலிருந்து கபில நிறக் கோடு வழிந்திருந்தால் உள்ளே வேலை முடிந்துவிட்டது. பழைய பொம்மைகளின் உலோகப் பாகங்கள் நாகக் கலவையில் வார்த்தவை, அவற்றில் வெள்ளைப் பொருக்கு படரும். பளபளக்கும் ‘குரோம்’ பாகங்களில் பெரும்பாலும் குரோமியமே கிடையாது. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் பிளாஸ்டிக்கின்மேல் படியவிட்ட மெல்லிய படலம் அது. வியர்வைக் கைபட்டே உரியும். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாமல், மூடியுள்ள டப்பாவில் பொம்மையோடு போட்டு வைப்பது பயன் தரும்.

*

கொக்கிளாய்க் களப்புக்கு அப்பால் புல்மோட்டைக் கடற்கரையில் அள்ளும் கறுப்பு மணலில் இல்மனைற்று இருக்கிறது. இல்மனைற்றிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டைஒட்சைட்டுத்தான் பெயின்ற்றுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வெள்ளை நிறம் கொடுப்பது. அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் வெயிலாலும் வெப்பத்தாலும் ஒட்சிசனாலும் மஞ்சளாகும். ஐதரசன் பெரொக்சைட்டில் ஊறவைத்து வெயில் காட்டினால் வெளுக்கும். மறுபடி மஞ்சளாவதும் உண்டு. வெளுத்த பொம்மையை வெளுத்தது என்று சொல்லித்தான் விற்க வேண்டும், அது சேகரிப்பாளர் நாணயம்.

*

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது. 2002இல்தான் கெடுபிடி தளர்ந்தது. ஆனால் குட்டி ட்ரான்ஸ்ஃபோமர்களுக்குப் பற்றரியே வேண்டாம். முழு வித்தையும் மூட்டிலும் கொழுவியிலும்தான். பற்றரி கசிந்து உட்புறம் அரிக்கும் தொல்லையும் இல்லாததால், பழையதை வாங்குகிறவருக்கு இது பெரிய ஆறுதல்.

*

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்த சில பொம்மைகளில், தங்கத்தூள் கலந்தாற்போல் மினுங்கும் ஒருவகைப் பிளாஸ்டிக் இருந்தது. பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் அது உள்ளுக்குள் உக்கிவிடும். தொட்டுத் திருப்பினால் பிஸ்கற்போல நொறுங்கும். அதனை வாங்கினால் உருமாற்றாதீர்கள்.

*

எம்.ஆர்.எஃப் நிறுவனமும் ஹஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் பொம்மை நிறுவனம், கோவாவிலும் பின்னர் தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலை வைத்தது. அமெரிக்க அச்சுகளைக் கொண்டு இந்தியாவில் வார்த்த ‘ஜீ.ஐ. ஜோ’ வீரர்கள் அமெரிக்காவில் இல்லாத விநோத நிறங்களில் வந்தார்கள். அந்த நிறத்துக்காகவே அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றைத் தேடுகிறார்கள்.

*

அமெரிக்காவில் ஏஎஃப்ஏ என்ற அமைப்பு பொம்மையை நூற்றுக்கு இத்தனை என்று புள்ளியிட்டுக் கண்ணாடிபோன்ற அக்கிரிலிக் கூட்டில் அடைத்துக் கொடுக்கும். அதன்பின் உருமாற்ற வேண்டுமானால் கூட்டை உடைக்க வேண்டும். உருமாறுவதற்கென்றே பிறந்த சாமானுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டோ தெரியாது.

*

தளர்ந்த பந்து மூட்டை இறுக்க ஒரு வழி: மூட்டைக் கழற்றி, பந்தின்மேல் நிறமில்லாக் கியூடெக்ஸை மெல்லியதாகப் பூசி, ஓர் இரவு முழுக்கக் காயவிட்டுப் பிறகு மாட்டுங்கள். ஈரம் காயுமுன் மாட்டினால் மூட்டு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். தடிப்பாகப் பூசினால் குழி வெடிக்கும்.