சுவரைப் பார்த்து டிரில் வாங்குங்கள்

கார்ட்லெஸ் டிரில் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை வோல்ட் என்றுதான். முதலில் கேட்க வேண்டியது வேறு: துளை போட வேண்டிய இடம் எதனால் ஆனது? அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தாலும் ஜிப்சம் பலகையாலும் எழுந்தவை. இணையத்தில் நாம் பார்க்கும் பரிந்துரைகளில் பல, அந்தச் சுவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. நம் சுவர் அப்படியல்ல. மேலே சிமென்ட் பூச்சு, உள்ளே செங்கல், ஜன்னலுக்கு மேல் கான்கிரீட் லிண்டல். புதிய அடுக்குமாடிகள் பலவற்றில் சுவர் முழுவதுமே கான்கிரீட். அங்கே கொண்டாடப்படும் கருவி, இங்கே திரைச்சீலைக் கம்பி மாட்டுகிற இடத்திலேயே திணறிப்போகும்.

மரம் சீவப்படும், கான்கிரீட் நொறுங்கும். வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. மரத்தில் பிட்டின் கூர்முனை நாரைச் சீவிச் சுருள்சுருளாக வெளியே தள்ளுகிறது. அதற்குச் சுழற்சி போதும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கருங்கல் ஜல்லியை அப்படிச் சீவ முடியாது, அடித்துப் பொடியாக்கத்தான் முடியும். சுவருக்கான பிட்டின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு துண்டு பதித்திருப்பதும், சுழற்சியோடு அடியும் சேர்ந்து தேவைப்படுவதும் இதனால்தான்.

அந்த அடியைத் தருவதில் இரண்டு வகை இயந்திரங்கள் உண்டு. ஹேமர் டிரில்லில் பல் வெட்டிய இரண்டு எஃகுத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சுழலும். ஒரு பல் மற்றொன்றின் மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் பிட் முன்னும் பின்னும் அதிரும். நிமிடத்துக்கு 20,000 அடிகளுக்கு மேல் விழும் என்றாலும் ஒவ்வொன்றும் சின்ன அடி. நாம் பின்னாலிருந்து தோள் கொடுத்து அழுத்தினால்தான் அதற்குப் பலன். செங்கல்லுக்கு இது தாராளம். ஜல்லி குறுக்கிட்டால் பிட் அங்கேயே நின்று சூடேறும்.

ரோட்டரி ஹேமரின் வழி வேறு. உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று ஓர் எஃகு உருளையை விசையோடு தள்ளுகிறது. அந்த உருளை பிட்டின் பின்பக்கத்தில் மோதுகிறது. நிமிடத்துக்கு 4,000, 5,000 அடிகள்தான். ஆனால் கையடக்கமான வகைகளில்கூட ஒவ்வோர் அடிக்கும் 1 முதல் 3 ஜூல் வரை ஆற்றல் உண்டு. கை அழுத்தம் அதிகம் வேண்டியதில்லை, கான்கிரீட்டில் சீராக இறங்கும். இதற்கு எஸ்டிஎஸ் எனப்படும், பள்ளம் வெட்டிய தண்டுடைய தனி பிட் வேண்டும். சாதாரண பிட் பொருந்தாது.

இனி வோல்ட்டுக்கு வரலாம். பேட்டரிக்குள் இருப்பவை லித்தியம் அயான் செல்கள். ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட் தரும். முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் 4 வோல்ட்டைச் சற்றுத் தாண்டும். ஐந்து செல்களைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். அதே ஐந்தை முழுச் சார்ஜில் அளந்து, பெட்டியில் 20 என்று அச்சடிக்கிறார்கள். ஆக 18-ம் 20-ம் ஒரே பொருள்தான். 12 என்று விற்கப்படுவது மூன்று செல்கள், சராசரியில் 10.8 வோல்ட். இணையக் கடைகளில் 48, 88 என்றெல்லாம் எண் போட்ட மலிவான டிரில்களைப் பார்க்கலாம். 88 வோல்ட் வேண்டுமானால் இருபதுக்கும் மேற்பட்ட செல்களை அடுக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் பேட்டரியில் அதற்கு இடமே இல்லை. அந்த எண்ணை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் பேட்டரியில் உள்ள மொத்த ஆற்றல் கிடைக்கும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-ஹவர் என்றால் 36 வாட்-ஹவர். வீட்டு வேலைக்கு இது போதும். பெரிய பேட்டரி நீண்ட நேரம் உழைக்கும், ஆனால் ஏணியில் நின்று தலைக்கு மேலே பிடிக்கும்போது அதன் எடை மணிக்கட்டில் தெரியும்.

பலரும் கவனிக்காமல் விடுவது, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’கை ஒட்டி இருக்கும் எண் போட்ட வளையம். அதுதான் கிளட்ச். திருகாணி இறுகி, எதிர்ப்பு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் உள்ளே ஸ்பிரிங் விலகி, கடகடவென்ற ஓசையோடு சுழற்சி நின்றுவிடும். பிளைவுட் அலமாரியில் கீல் மாட்டும்போது திருகாணித் தலை தேயாமலும் பலகை பிய்ந்துபோகாமலும் காப்பது இந்த வளையமே. சிறிய எண்ணில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். மேலே உள்ள கியரில் 1 திருகாணிக்கு. வேகம் குறைவு, முறுக்கு அதிகம். 2 துளைக்கு.

கார்ட்லெஸ் டிரில்லே நிலவுப் பயணத்துக்காகப் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது தவறு. பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் தன் முதல் கார்ட்லெஸ் டிரில்லை 1961-லேயே கொண்டுவந்துவிட்டது. நிலவுக்குப் போன பேட்டரி டிரில் அதற்குப் பின் வந்தது. 1971-ல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவின் தரையில் அதை இறக்கியபோது, திட்டமிட்ட 3 மீட்டரை எட்ட முடியவில்லை. துளைத்தண்டுகள் இணையும் இடத்தில், மண்ணை மேலே கொண்டுவரும் சுருள்பள்ளம் தொடர்ச்சியாக இல்லை. மண் அங்கே அடைத்துக்கொண்டது. அடுத்து வந்த அப்பல்லோ 16-க்கு அதைத் திருத்தினார்கள். நம் சுவரிலும் துளைக்குள் தங்கும் தூள்தான் பிட்டை இறுக்கிப் பிடிக்கிறது, சூடேற்றுகிறது. நிறுத்தி நிறுத்திப் பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள். பாதி சிரமம் குறையும். கண்ணாடி அணியாமல் தலைக்கு மேலே துளைக்க வேண்டாம். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் சுவருக்குள் வயர் ஓடும், அந்தக் கோட்டைத் தவிருங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? செங்கல் வீட்டில் ஆண்டுக்குச் சில தடவை சுவரில் துளை போடுகிறவருக்கு என் பரிந்துரை கார்ட்லெஸ்ஸே அல்ல. 500, 600 வாட் அளவில், 13 மில்லிமீட்டர் சக்குடன் வயர் உள்ள ஹேமர் டிரில். விலை குறைவு, வலு அதிகம், பத்தாண்டு பரணில் கிடந்தாலும் செத்துப்போக அதில் பேட்டரி இல்லை. திருகாணி, அலமாரி, மர வேலை அடிக்கடி உண்டென்றால் 12 வோல்ட் கார்ட்லெஸ் ஒன்று தனியாக இருக்கட்டும். ஒன்றே வாங்குவேன், அதுவும் வயர் கூடாது என்பவர்கள் 18 வோல்ட்டில் பிரஷ்லெஸ் மோட்டாருள்ள ஹேமர் வகையை எடுக்கலாம். கரித்துண்டு உரசித் தேய்வது அதில் இல்லை. அதே பேட்டரி கூடுதல் நேரம் உழைக்கும். கான்கிரீட் சுவர்க்காரர்கள் அந்தச் சில துளைகளுக்கு ரோட்டரி ஹேமர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை அழைப்பதே மேல்.

எதை வாங்கினாலும், சில ஆண்டுகள் கழித்து அதே பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். கார்ட்லெஸ் டிரில்லில் பெரும்பாலும் முதலில் சாவது பேட்டரிதான், நம் ஊரில் அதன் எதிரி வெயில். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் செல்லுக்குள் நடக்கக் கூடாத வேதிவினைகள் வேகமெடுக்கும். பாதிச் சார்ஜில், வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். நிறுத்திய காருக்குள்ளோ மொட்டைமாடி அறையிலோ வேண்டாம். தேய்ந்துபோன பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்மீது சுமத்தியிருக்கின்றன. அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.