மாட்டுக்குக் கேஸ் ஷீட் உண்டு, உங்களுக்கு?

பரீட்சைக்கு இரண்டே நாள். ஊரிலிருந்து பெரியப்பாவின் போன். "ஏங் கண்ணு, மாடு கன்னு போட்டு ஒரு நாளாச்சு, நஞ்சுக்கொடி இன்னும் விழுகல. காலைல முதல் பஸ்ஸுக்கு வந்து கையை விட்டு எடுத்துக் குடுத்துட்டுப் போயிரு." மறுக்க வாய் வராது. ஃபீஸ் கட்ட முடியாமல் திண்டாடியபோது பணம் தந்தவர் அவர்.

கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த அழைப்பு புதிதல்ல. படிப்பு உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. ஊரோ முதல் ஆண்டிலேயே 'டாக்டர்' பட்டம் கொடுத்துவிடுகிறது. போன் எடுத்த அதே மாணவி கல்லூரியில் கிளாஸ் ரெப், என்.எஸ்.எஸ். முகாம் பொறுப்பாளர், பேராசிரியரின் ஆய்வுக்கு ரத்த மாதிரி சேகரிப்பவர்; வீட்டில் மூத்த பெண். எல்லாருக்கும் 'சரி' என்று சொல்லிவிடுகிறார், எல்லாமே வாய்ச்சொல். சிகிச்சைக்கு வரும் மாட்டுக்குக் கேஸ் ஷீட் எழுதுபவர், தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைப்பதில்லை. இவர்களைக் காக்க விதிகள் இருக்கின்றன. ஆனால் அவை கையில் தாள் இருப்பவருக்கே பயன்படுகின்றன.

கையை விடுமுன்

நஞ்சுக்கொடி தங்கிய மாட்டுக்குக் கன்று வீச்சு நோய், அதாவது புரூசெல்லோசிஸ் இருக்கலாம். வெறுங்கையால் எடுத்தால், தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவே கிருமி ஏறிவிடும். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் போடும் இந்நோய்த் தடுப்பூசியில் இருப்பதும் உயிருள்ள கிருமிதான். அந்த ஊசி தவறிக் கையில் குத்தினாலும் ஆபத்து. சில வாரமோ சில மாதமோ கழித்து விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, இரவில் வியர்வை. டைபாய்டு என்று நினைத்து மாத்திரை விழுங்கியே நாள் கடந்துவிடும். சரியாகக் கண்டறிந்தால் இரண்டு வகை ஆன்டிபயாட்டிக்கை ஆறு வாரம் சேர்த்து எடுத்துக் குணமாகலாம். எனவே காய்ச்சலோடு டாக்டரிடம் போனால் முதலில் சொல்ல வேண்டியது: "நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன், இன்ன தேதியில் நஞ்சுக்கொடி எடுத்தேன்."

அடுத்தது ரேபிஸ். நாய் கடித்தால்தான் என்று எண்ண வேண்டாம். எச்சில் வடித்துக்கொண்டு தீனி எடுக்காமல் நிற்கும் மாட்டைப் பார்த்து, தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வாய்க்குள் கையை விடுபவர்கள் உண்டு. அந்த மாட்டுக்கு ரேபிஸ் இருந்தால்? அறிகுறி வந்தபின் இந்நோயிலிருந்து பிழைப்பது அரிதிலும் அரிது. முன்கூட்டியே போடும் தடுப்பூசி மூன்று தவணை: தொடக்க நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள். அதை முழுமையாகப் போட்டவருக்குப் பின்னர் கடி பட்டால், அன்றும் 3ஆம் நாளிலும் இரண்டு ஊசி போதும். கடி பட்டவுடன் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவதை யாரும் தவறவிடக் கூடாது. ஊசி போடாத மாணவரை நாய் வார்டுக்கு அனுப்பாதீர்கள் என்று கேட்க கிளாஸ் ரெப்பைவிடப் பொருத்தமானவர் யார்?

சட்டச் சிக்கலும் இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவரே கால்நடை மருத்துவம் பார்க்கலாம். மாணவர் ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டும் தொடலாம். தனியாகப் போய் ஊசி போட்டு, மாடு செத்துப்போனால் பழி யார் மேல் விழும்? பெரியப்பாவுக்குப் பதில் ஒன்றுதான்: "1962க்குப் போன் பண்ணுங்க பெரியப்பா, நடமாடும் ஆஸ்பத்திரி வண்டி வரும்."

ஓ.டி. என்னும் வாய்ச்சொல்

"முகாமுக்குப் போயிட்டு வாம்மா, ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்டுக்கலாம்" என்பார்கள். பருவ முடிவில் வருகைப்பதிவு குறைந்து தேர்வெழுத முடியாமல் நிற்கும்போது, சொன்னவருக்கு நினைவிருக்காது. நிகழ்ச்சிக்கு முன்பே கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக விடுப்பு எடுத்தாலும் இதே வழிதான். மகப்பேறு கண்ட இளநிலை, முதுநிலை மாணவியருக்கும் விடுப்பு, வருகைப்பதிவுச் சலுகைக்கான விதிகளை வகுக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் அறிவுறுத்தியது. முனைவர் பட்ட மாணவியருக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு.

ஆய்விலும் அப்படித்தான். ரத்த மாதிரி எடுத்துக் கொடுத்ததற்கு மட்டும் கட்டுரையில் ஆசிரியர் பெயர் கிடைக்காது, நன்றி வரியோடு முடிந்துவிடும். ஆய்வின் வடிவமைப்பிலோ தரவுகளை அலசுவதிலோ பங்கும், எழுதுவதில் பங்கும் வேண்டும். யார் என்ன செய்வது, யார் பெயர் எங்கே வரும் என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பெயர் போட்டுத் தருகிறேன், பணம் கட்டு என்பவரிடம் சிக்காதீர்கள்.

எங்கே போவது?

வருகைப்பதிவு, மதிப்பெண், உதவித்தொகை போன்ற குறைகளுக்குக் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. 2023ஆம் ஆண்டு விதிகளின்படி 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைகேட்பு அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

ராகிங்குக்கு 1800-180-5522. தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி ராகிங் இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.

பண நெருக்கடிக்கு: அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன்; இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய்.

மனம் கனத்தால் 14416, டெலி மானஸ். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முடிந்தவரை போராடியும் ஓர் உயிர் கைநழுவிப் போன நாளில் தூக்கம் வராமல் கிடப்பது பலவீனம் ஆகாது.

இன்றே ஒரு நோட்டு எடுங்கள். தடுப்பூசித் தேதி, கடிபட்ட தேதி, ஓ.டி. கடிதம், விடுப்பு மனு, ஆய்வில் செய்த வேலை என ஒவ்வொன்றையும் தேதியிட்டு எழுதுங்கள். உங்கள் கேஸ் ஷீட்டை உங்களுக்காக வேறு யாரும் எழுதப் போவதில்லை.