ரீபூட் பண்ணாம ஒரு கார்டை எழுப்புறது எப்படி?

போன எபிசோட்ல டிரைவர்னா என்னன்னு பேசினோம். டிரைவர் நல்லாத்தான் இருக்கு, ஆனா அது ஓட்டுற ஹார்டுவேர் நடுவுல உறைஞ்சு போச்சுன்னா என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வீட்டு லேப்டாப்னா ரீஸ்டார்ட் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிடலாம். ஓசூர் சிப்காட்ல ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு லைன்ல அது நடக்காது.

எனக்கு வேலை எலக்ட்ரானிக் சிட்டி, வீடு ஓசூர். தினமும் அத்திப்பள்ளி டிராஃபிக்ல நிக்கிற கூட்டத்துல நானும் ஒருத்தன். ரெண்டு வருஷம் முன்னாடி, டூவீலர் பிரேக் பார்ட்ஸ் செய்யற ஒரு சின்ன யூனிட்டோட இன்ஸ்பெக்‌ஷன் பிசிக்கு நான்தான் டிரைவர் சப்போர்ட். கன்வேயர்ல பார்ட் வரும், கேமரா படம் எடுக்கும், சாஃப்ட்வேர் பார்க்கும், சரியில்லைன்னா ஒரு நியூமேடிக் சிலிண்டர் அதை ரிஜெக்ட் பின்ல தள்ளிவிடும்.

பிரச்சனை என்னன்னா, நைட் ஷிஃப்ட்ல எப்பவாவது கேமரா சைடு உறைஞ்சுடும். படம் வராது. அங்க இருந்த ஆபரேட்டர் அக்கா பாகலூர் பக்கம். லைனை நிறுத்திட்டு பிசியோட பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பாங்க. பூட் ஆகி, எல்லாம் திரும்ப இணைஞ்சு வர பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும். ஷிஃப்ட் லாக்ல சூப்பர்வைசர் என்ன எழுதினார் தெரியுமா? "ஆபரேட்டர் பிசியை ஆஃப் செய்தார்." மூணு தடவை இப்படி எழுதியாச்சு. நான் நேர்ல போனப்ப அவங்க கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, நான் அழுத்தாம விட்டா செக் பண்ணாத பிரேக் பார்ட்டு வெளிய போயிடுமே, அப்ப யார் பேரை எழுதுவாங்க?"

எங்கிட்ட பதில் இல்லை. அழுத்தினது சரிதான். அவங்களுக்கு வேற பட்டன் யாரும் கொடுக்கலை, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிசிஐ எக்ஸ்பிரஸ்ல இருக்கிற ஒரு டிவைஸை ரீபூட் இல்லாம ரீசெட் பண்ண லினக்ஸ் கர்னல்கிட்ட பல வழி இருக்கு. அபார்ட்மெண்ட் தண்ணி மாதிரி யோசிங்க. உங்க வீட்டுக் குழாயை மட்டும் மூடுறது ஒண்ணு. அதுதான் ஃபங்ஷன் லெவல் ரீசெட், சுருக்கமா எஃப்எல்ஆர். டிவைஸ் கண்ட்ரோல் ரெஜிஸ்டர்ல ஒரே ஒரு பிட்டை 1 ஆக்கிட்டு 100 மில்லிசெகண்ட் காத்திருக்கணும். சுத்தமான வழி, ஆனா டிவைஸ் அதை சப்போர்ட் பண்ணணும். இல்லைன்னா பவர் ஸ்டேட்டை கீழ இறக்கி மேல ஏத்திப் பார்க்கலாம். சில டிவைஸ் அதுல எதையும் மறக்காம அப்படியே எழுந்து வரும், பிரயோஜனம் இல்லை. அடுத்தது மாடி வால்வை மூடுறது, அதாவது பஸ் ரீசெட். அந்த பஸ்ல இருக்கிற எல்லாரும் சேர்ந்து விழுவாங்க.

எங்க பிசில கேமரா பகுதியும், சிலிண்டரை இயக்குற டிஜிட்டல் ஐஓ பகுதியும் மதர்போர்டுல இருக்கிற ஒரே எஃப்பிஜிஏ சிப்புக்குள்ள, ரெண்டு ஃபங்ஷனா இருந்தது. எஃப்எல்ஆர் கிடையாது. பஸ் ரீசெட் கேட்டா, பக்கத்துல இன்னொரு ஃபங்ஷன் இருக்குன்னு கர்னல் மறுத்துடும். முதல்ல எனக்குக் கோபம்தான் வந்தது, இந்தச் செக்கைத் தாண்டிடலாமான்னு கூட யோசிச்சேன். நல்லவேளை பண்ணலை. ஐஓ ரீசெட் ஆனா அதோட அவுட்புட் எல்லாம் பூஜ்யத்துக்குப் போயிடும். சிலிண்டர் தள்ளாது. தள்ளலைன்னா கெட்ட பார்ட்டும் நல்ல பார்ட்டோட சேர்ந்து போயிடும். கர்னல் என்னைவிட நிதானமா இருந்திருக்கு.

இப்போ அந்த அபார்ட்மெண்ட்டுக்குத் திரும்புவோம். உங்க வீட்டுக்கு மட்டும் தனி வால்வு மோட்டார் ரூம் பின்னாடி எங்கேயோ இருக்கும். அது வாட்ச்மேன் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டர்ல அந்த வாட்ச்மேன்தான் ஃபர்ம்வேர். போர்டைச் செஞ்சவங்களுக்கு மட்டும்தான் எந்தச் சிப்போட ரீசெட் கால் எந்த ஜிபிஐஓ-வோட சேர்ந்திருக்குன்னு தெரியும். அதை அவங்க ஏசிபிஐ டேபிள்ல ஒரு மெத்தடா எழுதி வைக்கலாம். அதோட பேரு ஆர்எஸ்டி, முன்னால ஒரு அண்டர்ஸ்கோர். ஆப்பரேட்டிங் சிஸ்டம் வயரிங்கைப் பத்திக் கவலைப்படாம "அண்ணே, அதை மூடித் திறங்க"ன்னு சொன்னாப் போதும்.

லினக்ஸ் பிசிஐ பகுதிக்கு இந்த வசதி வந்தது 5.15 கர்னல்ல. 2021 அக்டோபர் 31-ல வெளியானது. கொண்டுவந்தது என்விடியா பக்கத்துல இருந்து. அதே வருஷம் அவங்களோட சில ஜிபியுக்களுக்கு பஸ் ரீசெட்டே கூடாதுன்னு கர்னல்ல குறிச்சு வச்சாங்க. அதை அடிச்சா, மெஷினை ஹார்ட் ரீபூட் பண்ற வரைக்கும் ஜிபியு திரும்பி வராது. பெரிய கம்பெனிக்கும் நம்ம சிப்காட் பிரச்சனைதான்!

கோடு ரொம்பச் சின்னது, இருபது வரி இருக்கும். இந்த டிவைஸுக்கு ஏசிபிஐ-ல ஆர்எஸ்டி இருக்கான்னு பார்க்கும். இல்லைன்னா ‘ஈநோடிடிஒய்’ன்னு ஒரு எர்ரர், அதாவது "இது எனக்குத் தெரியாது, அடுத்த ஆளைக் கேளு." (இந்த எர்ரரோட பழைய அர்த்தம் "இது டைப்ரைட்டர் இல்லை." யூனிக்ஸ் காலத்து மிச்சம்.) இருந்தா கூப்பிடும். வரிசையில அந்த டிவைஸுக்குன்னே எழுதின ரீசெட் முதல்ல, ஏசிபிஐ ரெண்டாவது, எஃப்எல்ஆர், பஸ் எல்லாம் அதுக்கப்புறம். உங்க மெஷின்ல எது கிடைக்கும்னு பார்க்கணும்னா சிஸ்எஃப்எஸ்ல அந்த டிவைஸோட ‘ரீசெட் மெத்தட்’ ஃபைலைத் திறங்க. வரிசையைக் கூட அங்கேயே மாத்தலாம்.

போர்டு சப்ளையரைக் கெஞ்சி, கேமரா ஃபங்ஷனுக்கு மட்டும் ஆர்எஸ்டி உள்ள ஒரு பயாஸ் வாங்கினேன். பழைய கர்னலை 5.15-க்கு ஏத்தினேன். முடிஞ்சதுன்னு நினைச்சேன். அங்கதான் நிஜ வேலையே ஆரம்பம்.

ரீசெட் ஆன டிவைஸுக்கு ஞாபகம் எதுவும் இருக்காது. பிசிஐ கான்ஃபிக் ஸ்பேஸைக் கர்னல் முன்னாடியே சேமிச்சு, அப்புறம் திரும்ப எழுதிடும். ஆனா கேமரா எக்ஸ்போஷர், பஃபர் அட்ரஸ், இண்டரப்ட் செட்டிங் எல்லாம் டிரைவரோட பொறுப்பு. அதுக்குத்தான் ‘ரீசெட் ப்ரிப்பேர்’, ‘ரீசெட் டன்’னு ரெண்டு கால்பேக். முதல்ல எல்லாத்தையும் அடக்கணும், குறிப்பா டிஎம்ஏ. சிப் நேரா மெமரியில எழுதிக்கிட்டு இருக்கிறப்ப நீங்க பஃபரை விடுவிச்சு, அந்த இடம் வேற யாருக்காவது போயிட்டா, ஒரு கேமரா ஃப்ரேம் போய் வேற ஒருத்தர் டேட்டா மேல விழும். கிராஷ் ஆனா கூடப் பரவாயில்லை, கிராஷ் ஆகாம தப்பா ஓடுறதுதான் பயம். அதனால பஃபரை விடுவிக்கவே இல்லை. ரீசெட் முடிஞ்சதும் அதையே திரும்பக் கொடுத்தேன்.

ஒரு சொதப்பலும் சொல்லிடறேன். டைம்அவுட் வந்ததும் ரீசெட்டை ஒரு ஒர்க் க்யூல இருந்து கூப்பிட்டேன். ரீசெட் டிவைஸ் லாக்கை எடுக்கும். டிரைவரைக் கழட்டுறப்ப கர்னல் அதே லாக்கைப் பிடிச்சுக்கிட்டு என் ஒர்க் முடியக் காத்திருக்கும், என் ஒர்க் லாக்குக்காகக் காத்திருக்கும். ரெண்டு பேரும் விடிய விடிய நின்னாங்க. லாக் கிடைக்கலைன்னா திரும்பி வந்துடற ‘ட்ரை ரீசெட்’ ஃபங்ஷனுக்கு மாத்தினதும் சரியாச்சு.

இப்போ கேமரா உறைஞ்சா ரெண்டு செகண்ட்ல திரும்பி வரும். அதுவரைக்கும் ஐஓ உயிரோட இருக்கிறதால, வர்ற பார்ட் எல்லாத்தையும் சிலிண்டர் ரிஜெக்ட் பின்ல தள்ளிடும், அப்புறம் கையால பார்த்துக்கலாம். ஒரு மணி நேரத்துல மூணு தடவைக்கு மேல ரீசெட் ஆனா லைனே நின்னுடும். அது நான் பிடிவாதமா வச்ச கண்டிஷன். ரீசெட் நல்லா வேலை செய்யுதுன்னா, ஏன் உறையுதுன்னு யாரும் தேட மாட்டாங்க. தேடினப்ப, கம்ப்ரஸர் ஆன் ஆகுற நேரத்தோட அது ஒத்துப்போச்சு, எர்த்திங் சரியில்லை. அதைச் சரி பண்ணது எலக்ட்ரீஷியன் அண்ணன், நான் இல்லை.

ஷிஃப்ட் லாக்ல இப்போ சிஸ்டமே எழுதுது: கேமரா ரீசெட், நேரம், எத்தனை பார்ட் தள்ளப்பட்டது. ஆபரேட்டர் பேர் வர்ற காலத்தை எடுத்துட்டேன். பழைய மூணு பதிவை மாத்த முடியுமான்னு அக்கா கேட்டாங்க. மாத்த முடியலை. அதுக்குக் கீழ காரணத்தை எழுதி, சூப்பர்வைசர்கிட்ட கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம்.