ஈரத்தில் ஆறும் புண்

மலேசியாவின் மந்தின் வட்டாரத் தோட்டங்களில் காயம் வேலையோடு வருவது. செம்பனை மட்டையின் முள் குத்தும். குலை அறுக்கும் அரிவாள் வழுக்கும். பால்மரக் காலத்தில் வெட்டுக்கத்தி விரலைப் பதம் பார்க்கும். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் மஞ்சள் மருந்தில் துணியை நனைத்துக் கட்டுவார். வீட்டில் மஞ்சள்தூளோ காப்பித்தூளோ அப்புவார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "காய விடு, பொருக்குத் தட்டினால் ஆறிவிடும்."

1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். பன்றிகளின் தோலில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் விட்டார்; மற்றவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. 'நேச்சர்' இதழில் வந்த அந்தச் சில பக்கங்கள் புண் மருத்துவத்தின் போக்கையே திருப்பின.

காரணம் எளிது. காயத்தின் ஓரத்திலும் மயிர்க்கால்களிலும் இருக்கும் தோலணுக்கள் நகர்ந்து வந்துதான் பள்ளத்தை மூட வேண்டும். புண் காய்ந்தால் மேல்பரப்புத் திசு செத்துப் பொருக்காகிவிடும். அணுக்கள் அதற்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம்வரை இறங்கி, வழியை அரித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஈரமிருந்தால் அவை மேலாகவே நகர்ந்துவிடும். செத்த சதையைக் கரைக்கும் உடலின் நொதிகளும் கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்களும்கூட ஈரத்தில்தான் நன்றாக வேலை செய்கின்றன. காய்ந்து ஒட்டிய துணியைப் பிய்க்கும்போது வரும் ரத்தம், அதுவரை வளர்ந்த புதுத்தோலும் சேர்ந்து கிழிந்ததன் அடையாளம். அந்த வலியை எத்தனையோ பேர் மருந்தின் ஒரு பகுதியாகவே நினைத்துப் பொறுத்துக்கொண்டார்கள். அது தேவையே இல்லாத வலி.

ஹைட்ரோஜெல் கட்டு இந்த இடத்தில்தான் உதவுகிறது. நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வீட்டில் செய்யும் அகார்-அகார் துண்டு மாதிரி, தொட்டால் குளிர்ச்சியாக, கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் தகடு. அதில் பெரும்பங்கு தண்ணீர். மீதி, தண்ணீரைப் பிடித்துவைக்கும் நீண்ட மூலக்கூறு இழைகளின் வலை. வறண்ட புண்ணுக்கு அது ஈரம் கொடுக்கும், கொஞ்சம் கசிவை உறிஞ்சும், தீக்காயத்தின் எரிச்சலைத் தணிக்கும். எடுக்கும்போது ஒட்டாது. மேலே வைத்தபடியே புண்ணைப் பார்க்கவும் முடியும்.

மந்தினிலிருந்து செமினி, காஜாங் பக்கம் போனால் பாங்கி. அங்கே மலேசிய அணுசக்தி முகமையின் ஆய்வுக்கூடத்தில் காமாருடின் ஹாசிமும் அவருடைய சகாக்களும் ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து சாகோ மாவிலிருந்து ஹைட்ரோஜெல் உருவாக்கினார்கள். தமிழ்நாட்டு ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. இது சரவாக் சதுப்பு நிலங்களில் வளரும் சாகோ பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு.

இழைகளை வலையாக முடிச்சுப் போட இவர்கள் ரசாயனத்தைத் தேடவில்லை. எலக்ட்ரான் கதிரைப் பாய்ச்சினார்கள். கதிர் தண்ணீர் மூலக்கூறுகளை உடைக்கிறது. உடைந்த துணுக்குகள் இழைகளிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகின்றன. பிடுங்கப்பட்ட இடங்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. போலந்தின் யானுஷ் ரோசியாக் 1980-களில் வகுத்த வழி இது. கலவையைப் பொட்டலத்துக்குள் வைத்து மூடிய பிறகே கதிரைப் பாய்ச்சுவதால், ஜெல் உறைவதும் கிருமி அழிவதும் ஒரே நேரத்தில் முடிந்துவிடும். கதிர்வீச்சு எதுவும் கட்டில் தங்காது.

பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வேதியியல் அந்நியமில்லை. 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கியபோது நடந்ததும் இழைகளுக்கிடையே முடிச்சு விழுந்ததுதான். அதே பாங்கி ஆய்வுக்கூடத்தில் கந்தகமே இல்லாமல், கதிரைக் கொண்டு ரப்பர் பாலை முடிச்சுப் போடும் முறையையும் வளர்த்தார்கள். நம் பாட்டிமார் வாளியில் சுமந்த பாலுக்கும், பேரனின் தீக்காயத்தின் மேல் வைக்கும் ஜெல்லுக்கும் இப்படியொரு உறவு இருப்பது எனக்குப் பெரும் வியப்பு.

வலைக்குள் தண்ணீரோடு மருந்தையும் பூட்டிவைக்கலாம். வெள்ளி அயனிகள், கிருமிக்கொல்லி, தேன் எதுவானாலும் கண்ணிகள் வழியே மெல்ல மெல்லப் புண்ணுக்குள் இறங்கும். களிம்பைத் திரும்பத் திரும்பத் தடவுவதைவிட இது சீரானது. கெலாம் மரப்பூத் தேன் சேர்த்த ஜெல்லை எலிகளின் தீக்காயத்தில் வைத்துப் பார்த்த மலேசிய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. புண் வேகமாக மூடியது, அழற்சியும் குறைந்தது. எலிக்கு ஆனது மனிதருக்கும் அப்படியே ஆகும் என்று சொல்ல இன்னும் சோதனை வேண்டும்.

நம் மக்களுக்கு இந்த விஷயம் மிக அவசரமானது. 2019 தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம். நரம்பு மரத்த பாதத்தில் செம்பனை முள் ஏறினால் தெரிவதில்லை. தெரியும்போது அது புண்ணாகியிருக்கும். அத்தகைய புண் சாதாரணத் துணிக்கட்டைவிட ஹைட்ரோஜெல்லில் நன்றாக ஆறுவதற்குச் சில சான்றுகள் உண்டு. ஆனால் பாதத்தின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைக்காமல், சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் ஜெல் மட்டும் போட்டால் ஆறாது. நிறையக் கசியும் புண்ணுக்கு நுரைக்கட்டு போன்ற வேறு கட்டு வேண்டும். ரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்துக் காய்ந்து கிடந்தால் ஈரமே கூடாது. ஈரம் பட்டால் அதில் கிருமி புகுந்து அழுகல் மேலே ஏறும். கறுத்த விரலைக் கண்டால் ஜெல் வாங்கக் கடைக்குப் போகாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.